ஆடிக் காற்றும் சுண்ணாம்புத் தளமும்: பழைய முன்சீப் கோர்ட்டைச் செப்பனிட்ட பதிவு

ஐப்பசி மழை இரண்டு சுற்று அடித்து ஓய்ந்துவிட்டது. சிவில் வழக்குகளை விசாரித்த கீழ்க்கோர்ட்டான பழைய முன்சீப் கோர்ட்டின் விசாரணைக் கூடத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. மேற்குச் சுவரில் உட்காரும் உத்திர முனைகளில் ஈரமானியை வைத்துப் பார்த்ததில் 13 சதவீதம் காட்டியது. சென்ற ஐப்பசியில் அதே இடத்தில் 28 இருந்தது. இந்த ஒரு மழைக்காலம் கடக்கட்டும் என்றுதான் எழுதாமல் இருந்தேன். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் கை வைக்கப்போகும் கொங்குப் பக்கத்துப் பொறியாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் இது உதவும்.

கோர்ட்டு புதிய ஒருங்கிணைந்த வளாகத்துக்கு மாறியபின் கட்டடம் பூட்டிக் கிடந்தது. சட்ட உதவி மையமாகவும் வாசகசாலையாகவும் அதைப் பயன்படுத்த முடிவானது. மொத்த ஒப்பந்தம் வேறொருவருடையது. சுண்ணாம்பு வேலையும் மர வேலையும் எங்கள் சிறு குழுவுக்கு வந்தன. கட்டடம் பெரியதில்லை. நடுவில் 32 அடிக்கு 20 அடி விசாரணைக் கூடம், தரையிலிருந்து மச்சு வரை 17 அடி உயரம். பின்னால் கம்பி போட்ட சன்னல்களுடன் ரிக்கார்டு அறை, இரண்டுக்கும் நடுவே ஒரு நடை. முன்னால் 60 அடி நீளத்துக்குச் சீமை ஓடு வேய்ந்த தாழ்வாரம். சுவர்கள் இரண்டடி கனம், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல். கூடத்து மேற்கூரை மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் தளம்: தேக்கு உத்திரம் மூன்று, அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகள், கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் கோணல் வரிசையாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிய தளம்.

எங்கள் பக்கத்தில் கிணற்று முறைத் தண்ணீர், வண்டித்தடம், வேலி எல்லை, பாகப்பிரிவினை என்று ஏதாவதொன்றுக்காக இந்தத் தாழ்வாரத்தில் வாய்தா காத்துக் கிடக்காத குடும்பம் குறைவு. அதனால் வேலை நடந்த காலம் முழுவதும் பெரியவர்கள் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் உறுதியாகச் சொன்ன செய்தி, கட்டடம் 1865இல் எழுந்தது என்பது. ஆதாரம் கேட்டால் ஓட்டைத் திருப்பிக் காட்டுவார்கள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் முத்திரையோடு 1865 என்று பொறித்திருக்கும். அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அரை நூற்றாண்டு கழித்துச் செய்த ஓட்டிலும் அதே எண்தான் வரும். தாழ்வாரத்தின் தென்கோடியில் காமன்வெல்த் டிரஸ்ட் முத்திரை போட்ட ஓடுகளும் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு மிஷன் தொழிற்சாலைகள் அந்த நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆகவே அந்தப் பகுதி ஒருமுறை பிரித்து வேயப்பட்டிருக்கிறது. ஓட்டை வைத்து வயது சொல்ல விரும்புகிறவர்கள் முத்திரையின் ஆண்டைப் பார்க்காமல், நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள்.

கொங்கு நாட்டில் கோர்ட்டு வழக்கத்துக்கு ஓட்டைவிட வயது அதிகம். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கோவைச் சீமையைக் கம்பெனி பவானி, தாராபுரம் என்று இரண்டு தலைமையிடங்களின் கீழ் பிரித்து ஆண்டது. 1804இல் இரண்டும் ஒன்றாகிக் கோயம்புத்தூர் தலைமையிடமானது. மாவட்ட முன்சீப் என்ற பதவி 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் வந்தது. 1873இல் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம் அதை இன்று நமக்குத் தெரிந்த அடுக்கில் அமைத்தது. கூடத்தின் மச்சில் பங்கா, அதாவது கயிறு இழுத்து ஆட்டும் விசிறி, தொங்கிய இரும்புக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. வடக்குச் சுவரில் ஒன்பதடி உயரத்தில் கயிறு வெளியே போவதற்கு ஒரு துளையும், அதற்குள் தேய்ந்த பித்தளைச் சக்கரமும் கிடைத்தன. உள்ளே வாதம் நடக்க, வெளியே ஒருவர் நாள் முழுக்கக் கயிறு இழுத்திருக்கிறார். அந்தத் துளையை அடைக்கச் சொல்லி வரைபடத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்து நிறுத்தினோம். சக்கரம் அதே இடத்தில் இருக்கிறது.

வேலையை வைகாசியில் தொடங்கினோம், கீழேயிருந்து. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சாந்து குழைக்கக் கூடாது. முன்சாலையை மேலும் மேலும் உயர்த்தியதில் கட்டடத்தைச் சுற்றி மண் ஏறி, கல் அடித்தளம் முழுக்கப் புதைந்திருந்தது. இரண்டடி அகலத்தில் சுற்றிலும் பள்ளம் எடுத்தபோது வாசலில் இரண்டு படிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. நல்ல கொத்து வேலை, மூக்கு உடையாத கருங்கல். முந்தைய பழுதுபார்ப்பில் உள்சுவருக்கு நாலரை அடி உயரம் வரை சிமெண்டு பூசியிருந்தார்கள். மண்ணிலிருந்து ஏறிய ஈரம் சிமெண்டைத் தாண்ட முடியாமல் அதற்கு மேலே போய் உப்பாகப் பூத்து, பழைய காரையை மாவாக உதிர்த்திருந்தது. ஈரம் அடியில் இருக்க, நோய் ஏழடி உயரத்தில் தெரிந்தது.

சிமெண்டை உரிக்க மின்உளி வேண்டாம் என்று மேஸ்திரி பிடிவாதமாக நின்றார். அவர் செய்தது சரி. தட்டை உளியும் இரண்டு ராத்தல் சுத்தியும் வைத்து, செங்கல் முகம் பெயராமல் எடுத்தோம். இணைப்புகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, பிரம்புத் தூரிகையால் உப்பை உலர்ந்தபடியே துடைத்து அள்ளினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். பிறகு சுவரை அப்படியே விட்டுவிட்டோம். வெறும் செங்கலாக நிற்கும் சுவரைப் பார்த்துப் பலருக்கும் பொறுமை போனது. அடுத்த சித்திரை வெயில் வரை அதைத் தொடவில்லை.

தளத்துக்கு வருகிறேன், இந்தப் பதிவே அதற்காகத்தான்.

கூடத்து மாடியில் பழைய சுண்ணாம்புத் தளத்தின் மேல் இரண்டு அங்குலச் சிமெண்டுப் பூச்சு கிடந்தது. 640 சதுர அடிக்குக் கணக்கிட்டால் அந்தப் பூச்சின் எடை மட்டும் ஆறு டன்னுக்கு மேல். அத்தனை சுமையையும் அந்த மூன்று உத்திரங்கள் இத்தனை வருடம் தாங்கியிருக்கின்றன. பூச்சு வெடித்த இடங்களில் தண்ணீர் இறங்கி, ஆவியாக மேலே வர வழியில்லாமல், கீழே மரத்தைத் தேடிப் போயிருக்கிறது. மேற்கு மூலையில் பழைய கல் தூம்புகள் இரண்டையும் அடைத்து, இரண்டரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்திருந்தார்கள். வேப்பஞ்சருகு ஒரு கைப்பிடி போதும், குழாய் அடைந்துவிடும். மழை குறைந்த நாடு என்பதால் மாடியை யாரும் நினைப்பதில்லை. ஆனால் இங்கே பெய்கிற மழை ஐப்பசி கார்த்திகையில் ஒரே மாலையில் கொட்டும்.

ஒப்பந்த அட்டவணை ஆனி ஆடியில் தளம் போடச் சொன்னது. கூடத்தைப் பிரிக்குமுன் நடையின் மேல் பத்தடிக்குப் பத்தடி ஒரு மாதிரித் தளம் போட்டுப் பார்த்தோம். செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்கு, சாந்து ஒரு பங்கு. சாந்தில் சுண்ணாம்பு ஒன்று, செங்கல் தூள் ஒன்று, மணல் ஒன்று. கலவையில் குறையில்லை. தட்டும்போது நன்றாகவே இறுகியது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த வாரம் பிடித்தது. நனைத்த சாக்கை விரித்தால் ஒரு மணி நேரத்தில் சாக்கு காய்ந்தது. கல் வைத்து அழுத்தினாலும் ஓரம் கிளம்பிப் பறந்தது. மேல்தோல் உலர்ந்து சுருங்க, அடிப்பகுதி இன்னும் பச்சையாக இருந்தது. ஆடி நடுவில் தளம் முழுவதும் வலைபோல வெடிப்பு. தண்ணீர் ஊற்றி நிறுத்தினால் காலைக்குள் பாதி இறங்கியது.

எங்களுடன் இருந்த மேஸ்திரி எழுபதைத் தாண்டியவர். இளவயதில் பண்ணையார் வீடுகளுக்கு இந்தத் தளம் போட்டுப் பழகியவர். வெடிப்பைப் பார்த்துவிட்டு, "தை பிறக்கட்டும் அம்மிணி. காற்று நிற்கும், பனியும் இறங்கும். தளத்துக்கு ராத்திரிப் பனிதான் தாய்ப்பால்" என்றார். சுண்ணாம்பு இறுக ஈரம் வேண்டும், அதுவும் பல நாள் மெதுவாக வேண்டும். அதைக் காற்று பறித்துக்கொண்டால் கலவையில் என்ன சேர்த்தும் பயனில்லை. கொங்கு நாட்டில் ஆனி முதல் ஆவணி வரை திறந்த மாடியில் சுண்ணாம்புத் தளம் போடக் கூடாது. புரட்டாசி முதல் கார்த்திகை வரை மழை. பங்குனிக்கு மேல் வெயில். மிஞ்சுவது மார்கழிக் கடைசியும் தையும் மாசி முற்பாதியும்தான். இதை அட்டவணை போடுகிறவர்களுக்குப் புரியவைப்பதுதான் மொத்த வேலையில் கடினமான பகுதி. வெடித்த மாதிரித் தளத்தின் படங்களையும் ஊறல் அளவுகளையும் இணைத்து எழுதிக் கேட்டதில் அவகாசம் கிடைத்தது.

அந்த அவகாசத்தைச் சுண்ணாம்புக்குச் செலவிட்டோம். கடையில் பையில் வரும் தூள் எங்களுக்கு ஒத்துவரவில்லை. பழையதாகிக் காற்றுப்பட்டு வலுவிழந்திருந்தது. புஞ்சைக் காடுகளில் கிடைக்கும் சுக்கான் கல் என்ற சுண்ணாம்புக் கல்லை இன்னும் சுடுகிற ஒரு காளவாயைத் தேடிப் பிடித்தோம். சுட்ட கல் கிலோ 14 ரூபாய், ஏற்றுக்கூலி தனி. வாங்குமுன் ஒரு சோதனை: சுண்ணாம்பைக் கெட்டியாகப் பிசைந்து எலுமிச்சைப் பழ அளவில் உருட்டி, ஆறு மணி நேரம் வைத்துவிட்டுத் தண்ணீரில் போட வேண்டும். சில நிமிடத்தில் கரைந்து சரிந்தால் அது வெள்ளையடிக்கத்தான் லாயக்கு. லேசாகக் கீறல் விட்டு உருண்டையாகவே நின்றால் தளத்துக்கு எடுக்கலாம். எங்கள் உருண்டை நின்றது. குழியில் நீற்றி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்க மூடி வைத்தோம்.

மணல் இன்னொரு தலைவலி. ஆற்று மணல் கிடைப்பதில்லை, குவாரியின் எம்-சாண்ட்தான். அதில் கல்தூள் அதிகம். அப்படியே போட்டால் சாந்து வழுவழுப்பாகத் தெரியும், காய்ந்ததும் முடிவெடிப்பு விடும். தொட்டியில் போட்டு, கலங்கல் தெளியும் வரை கழுவி, சல்லடையில் சலித்து எடுத்தோம். இந்தக் கூலியை மதிப்பீட்டில் யாரும் போடுவதில்லை, போட வேண்டும்.

கார்த்திகைக் கடைசியில் மழை விலகியதும் கூடத்தில் இரும்பு ஜாக்கிகளால் உத்திரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சிமெண்டையும் நசித்த பழைய தளத்தையும் எடுத்தோம். மேற்கு முனையில் இரண்டு உத்திரங்கள் சுவருக்குள் இரண்டடி நீளத்துக்கு இற்றுப்போயிருந்தன. திருப்புளியை வைத்தால் கைப்பிடி வரை இறங்கியது. மற்றபடி மரம் அற்புதம்: பத்து அங்குல அகலம், பதினான்கு அங்குல உயரம், இழை ஒரே ஓட்டமாக. 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாயின் கப்பல் கட்டும் தளம் வரைக்கும் போயிருக்கிறது. நம் பக்கத்துக் கட்டடங்களுக்கும் அத்தகைய மரம் கிடைத்திருக்கிறது. முழு உத்திரத்தையும் கழற்றி இரும்பு விட்டம் போடலாம் என்ற யோசனை வந்தது. பதினெட்டு அடி நல்ல மரத்தை இரண்டு அடிக்காகக் கைவிட எனக்கு மனமில்லை.

ஆசாரி இற்ற பகுதியை நல்ல மரம் வரும்வரை சாய்வாக அறுத்து, அதே அகலத்தில் பழைய தேக்கை இணைத்தார். இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் கன அடி 4,000 ரூபாய். ஒரு முனைக்கு ஏறக்குறைய ஐந்து கன அடி. இணைப்பின் இரு பக்கமும் பத்து மில்லிமீட்டர் கன இரும்புப் பட்டை, ஐந்தடி நீளம், பதினாறு மில்லிமீட்டர் போல்ட்டுகள். முனை சுவருக்குள் உட்காரும் இடத்தில் கருங்கல் தாங்குகல் வைத்து, மரத்தின் மூன்று பக்கமும் ஓர் அங்குலம் இடைவெளி விட்டோம். அந்த இடைவெளியைச் சாந்தால் அடைக்க ஒவ்வொரு கொத்தனாருக்கும் கை துடிக்கும். அடைக்கக் கூடாது. மரத்துக்கு மூச்சு அங்கேதான்.

உத்திரம் மாற்றிய இடத்தில் அறுபது சதுர அடிக்குத் தளக்கல், அதாவது குத்துவாக்கில் அடுக்கிய மெல்லிய செங்கல், பெயர்ந்தது. ஆறு அங்குல நீளம், மூன்று அகலம், ஒன்று கனம் என்ற அளவில் இப்போது கல் கிடையாது. சூளைக்காரரிடம் தனி அச்சுக் கொடுத்து 1,500 கல் அறுத்து வாங்கினோம். ஒன்று 14 ரூபாய். மீதிப் பரப்பில் பழைய கற்களே அசையாமல் இருந்தன.

தை பிறந்து, பொங்கல் முடிந்ததும் தளம். கடுக்காயை நசுக்கிப் பீப்பாயில் முன்கூட்டியே ஊறப்போட்டிருந்தோம். நூறு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ கடுக்காய், நான்கு கிலோ வெல்லம். கடுக்காய் ஈரோட்டு மொத்தக் கடையில் கிலோ 90 ரூபாய். வெல்லம் கவுந்தப்பாடியிலிருந்து வந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகும் அதே சந்தை. நுரைத்துப் புளித்த வாடை வந்ததும் நீர் தயார். கலவையை நான்கு அங்குலம் பரப்பி, மேற்கு நோக்கி அறுபதுக்கு ஒன்று சாய்வு வைத்து, தட்டத் தொடங்கினோம். தட்டுக்கட்டை வேல மரம். பிடி மெலிந்து, அடி தட்டையாக, ஒன்றே கால் கிலோ எடை. பெண்கள் வரிசையாகக் குந்தி அமர்ந்து, கடுக்காய் நீரைத் தெளித்துக்கொண்டே ஒரே சீராகத் தட்ட வேண்டும். நான்கு அங்குலம் மூன்றாக இறங்கும். எப்போது போதும் என்பதைச் சத்தம் சொல்லும்: முதலில் மொத்தென்று விழும் அடி, கடைசியில் கணீரென்று எழும்பும்; கட்டையும் தானாகத் துள்ளும். அவசரப்பட்டு நிறுத்திய பகுதியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, காதால் முடியும்.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இந்த வேலையை இங்கேதான் கற்றார்கள். முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் வேறுபாடு தெரிகிறது. கடைசிப் பகுதி மேஸ்திரியே மெச்சிய வேலை. அவர்களுக்குச் சித்தாள் கூலி கொடுப்பது நியாயமில்லை என்று வாதாடி, கொத்தனார் கூலியில் பேசி முடித்தேன். தளத்தின் உறுதி முழுக்க அந்தக் கைகளில்தான் இருக்கிறது.

வைக்கோல் பரப்பி, காலையும் மாலையும் தெளித்து, மாசி வரை ஈரம் காத்தோம். மேலே பதிக்க ஆறு அங்குலத் தட்டை ஓடு, ஒன்று 9 ரூபாய், 2,800 வாங்கினோம். செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, இணைப்புகளைக் கடுக்காய் நீர் தொட்டு மெழுகினோம். அடைத்திருந்த கல் தூம்புகள் இரண்டையும் திறந்து, வாயில் பித்தளைச் சல்லடை வைத்தோம். மர வேலையும் தளக்கல்லும் நீங்கலாகத் தளத்துக்குச் சதுர அடிக்கு 280 ரூபாய் ஆனது. அதில் பாதிக்கு மேல் கூலி. சிமெண்டு இதைவிட மலிவு என்று சொல்கிறவர்கள் அந்த இரண்டு உத்திர முனைகளின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சுவர்ப் பூச்சு, தாழ்வாரம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். காய்ந்த சுவருக்கு வைகாசியில், சன்னல்களைச் சாக்கால் மறைத்து, இரண்டு கைப் பூச்சு. மேலே சுண்ணாம்பு வெள்ளை, அடியில் காவிப் பட்டை. பிளாஸ்டிக் வண்ணம் ஒரு டப்பாவும் உள்ளே வரவில்லை. ஓடுகளை இறக்கி ஒவ்வொன்றாக விரல் மடக்கித் தட்டி, கணீரென்றவற்றை மட்டும் திரும்ப ஏற்றினோம். 760 ஓட்டில் ஐந்தில் ஒன்று கழிந்தது; பழைய ஓடு 22 ரூபாய் வீதம் வாங்கி ஈடு செய்தோம். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களின் இடைவெளியைப் பழைய ஓட்டின் மூக்குக்கு அளந்து வைக்க வேண்டும். புதிய ஓட்டின் அளவில் அடித்தால் பழையது உட்காராது.

அடுத்த கட்டடத்தில் மாற்றப்போவது மூன்று. சுண்ணாம்பை ஆறு மாதம் முன்பே நீற்றிக் குழியில் போடுவேன். எம்-சாண்ட் கழுவும் தொட்டியை வேலையிடத்தின் அருகே முதல் வாரத்திலேயே கட்டுவேன். ஒப்பந்த அட்டவணையில் ஆங்கில மாதத்தோடு தமிழ் மாதத்தையும் எழுதி, எந்த வேலை எந்தக் காற்றில் கூடாது என்று குறிப்புச் சேர்ப்பேன்.

ரிக்கார்டு அறை பாக்கி இருக்கிறது. அது வளைவுத் தளம். டார்மன் லாங், இங்கிலாந்து என்று பொறித்த இரும்பு விட்டங்களுக்கு நடுவே செங்கல் வளைவுகள். விட்டங்களின் அடிப்பட்டையில் துரு அரை அங்குலம் உப்பியிருக்கிறது. வடகோடி வளைவில் மயிரிழைக் கீறல் ஒன்றும் உண்டு. கீறலின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி, தேதி எழுதி வைத்திருக்கிறோம். சில்லு உடையாமல் இருந்தால் துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவது போதும். உடைந்தால் இந்தத் தையில் அங்கே முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கிகளை இன்னும் திருப்பி அனுப்பவில்லை.